எலுமிச்சை வாசனை ஏன் நிற்பதில்லை? சிட்ராலோடு பழகும் விதம்

லெமன் எசென்ஸ் பாட்டிலை வாங்கிய அன்று திறந்தால் அப்போதுதான் தோல் கீறிய பழம் மணக்கும். மூன்று மாதம் கழித்து அதே பாட்டிலைத் திறந்தால் புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு. உடனே கடைக்காரர் மேல்தான் பழி விழும், டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று. பெரும்பாலும் வந்த சரக்கு நல்ல சரக்குதான். கெட்டது நம் அலமாரியில். சிட்ராலை நாம் மண்ணெண்ணெய் மாதிரி நினைத்து மூலையில் வைத்துவிடுகிறோம். அதைப் பால் மாதிரி நினைக்க வேண்டும்.

எலுமிச்சை என்று மூக்கு அடையாளம் கண்டுகொள்கிற வாசனைக்குப் பெரும்பங்கு காரணம் சிட்ரால்தான். அது ஒரே பொருள் அல்ல, இரட்டை. ஜெரானியல், நெரல் என்று இரண்டு; அணுக்கள் அதே, அமைப்பில் ஒரு முறுக்கு மட்டும் வேறு. ஜெரானியலில் எலுமிச்சை காரமாக, நேராக அடிக்கும். நெரல் கொஞ்சம் இனிப்பாக, அடங்கி வரும். சந்தையில் கிடைப்பது இரண்டும் கலந்த வெளிர்மஞ்சள் திரவம். கொதிநிலை சுமார் 229 டிகிரி. தண்ணீரைவிட லேசானது, ஒரு மில்லி கிட்டத்தட்ட 0.89 கிராம். இந்த 0.89 முக்கியம். மில்லியில் அளந்துவிட்டு கிராமில் கணக்கு எழுதுகிறவர்களின் ஃபார்முலா ஒவ்வொரு தடவையும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவாகவே போகும்.

இந்த மூலக்கூறில் மூன்று பலவீனமான இடங்கள் இருக்கின்றன: ஒரு ஆல்டிஹைடு முனை (கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டையாகப் பிணைந்த முனை), கார்பன்களுக்கு நடுவே இரண்டு இரட்டைப் பிணைப்புகள். மணத்தைத் தருவதும் அவைதான், கெட்டுப்போக வழி விடுவதும் அவைதான். காற்று, அமிலம், காரம், அமீன் (நைட்ரஜன் உள்ள ஒரு வகைச் சேர்மம்) என்று நான்கு பக்கமிருந்தும் அடி வாங்கும். கீழே வரும் தொல்லைகளில் எதை எடுத்தாலும் இந்த நான்கில் ஒன்றில் போய் நிற்கும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் எலுமிச்சை என்பது சின்ன உருண்டைப் பழம், வெள்ளைக்காரர் லைம் என்கிற இனம். எசென்ஸ் பாட்டிலில் லெமன் என்று எழுதியிருப்பது மஞ்சளாக, முலை வைத்தாற்போல நீண்ட வேறு பழம். இரண்டின் தோல் எண்ணெயிலும் சிட்ரால் உண்டு. லெமன் தோலில் 2 முதல் 4 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் லிமோனீன் என்கிற இன்னொரு மணப்பொருள். அதனால் சிட்ராலுக்காக யாரும் பழத்தைப் பிழிவதில்லை, புல்லைத்தான் காய்ச்சுகிறார்கள். எலுமிச்சைப்புல் எண்ணெயில் 70 முதல் 85 சதவீதம் வரை சிட்ரால். சீனாவிலிருந்து வரும் லிட்சியா குபேபா காய் எண்ணெயிலும் ஏறக்குறைய அதே அளவு. ஆஸ்திரேலியாவின் லெமன் மிர்ட்டில் இலையில் 90-ஐத் தாண்டும். ஆனால் விலை கட்டாது.

இன்னொரு குழப்பம் இதைவிட மோசம். சிட்ரனெல்லாப் புல், நீலகிரிப் பக்கம் நிற்கும் எலுமிச்சைத் தைல மரம் இரண்டின் எண்ணெயும் எலுமிச்சை என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றில் இருப்பது சிட்ரனெல்லல். கொசு விரட்டும் மெழுகுவத்தி வாசனை. பெயர் ஒட்டினாற்போல இருந்தாலும் சர்பத்தில் போட்டால் குடிக்கிறவர் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார். பில்லில் சிட்ரால், சிட்ரனெல்லல், சிட்ரனெல்லால் என்று மூன்றும் தனித்தனிப் பொருள்கள். ஆர்டர் சொல்லும்போது எழுத்துக்கூட்டிச் சொல்வதில் தப்பில்லை.

புல்லிலிருந்து வருவது

கேரளத்தில் இந்த எண்ணெய்க்குப் புல்தைலம் என்று பெயர். தரை துடைக்கும் தண்ணீரில் ரெண்டு சொட்டு விடுவது அங்கே வழக்கம். ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகம் வழியாக உலகத்துக்கே இது போயிற்று; இன்றும் கிழக்கிந்திய எண்ணெய்க்குக் கொச்சி எண்ணெய் என்றே வியாபாரப் பெயர். காரணம் வெறும் மணம் மட்டுமல்ல. 1893-இல் டீமான், க்ரூகர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் சிட்ராலை அசிட்டோனோடு காரத்தில் சேர்த்து, பிறகு அமிலத்தில் வளையமாக்கி, வயலட் பூ மணக்கும் அயனோனைச் செய்து காட்டினார்கள். பின்னால் அந்த அயனோனிலிருந்தே வைட்டமின் ஏ வந்தது. புல்தைலத்துக்கு அப்படி ஒரு கிராக்கி. பிறகு ஐசோபியூட்டிலீன் போன்ற பெட்ரோலியச் சரக்கிலிருந்து சிட்ரால் செய்யத் தொடங்கியதும் புல்லின் கை இறங்கிவிட்டது. 2017 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பிஏஎஸ்எஃப் என்ற ரசாயன நிறுவனத்தின் சிட்ரால் பிரிவில் தீப்பிடித்தபோது வைட்டமின் ஏ விலை உலகமெங்கும் எகிறியதை, கோழித்தீவனம் கலக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காய்ச்சுகிறவர்களுக்குத் தெரிந்தவை, ஆனால் புதிதாகப் புல் நடுகிறவர்கள் தவறவிடுபவை சில உண்டு. எர்ணாகுளம் மாவட்டத்தில் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் தந்த சுகந்தி ரகம் தென்னிந்திய மழைக்குப் பழகியது. நட்ட மூன்று, நான்கு மாதத்தில் முதல் அறுப்பு, அதன்பின் 50 முதல் 60 நாளுக்கு ஒரு தடவை. தரையிலிருந்து நாலு விரற்கடை விட்டு அறுக்க வேண்டும். ஒட்ட அறுத்தால் தூர் பட்டுப்போகும். அடித்தண்டில் எண்ணெயும் குறைவு, பாத்திரத்தில் இடம்தான் அடைக்கும். அறுத்ததை உடனே போடாமல் நிழலில் ஒரு நாள் வாட விட்டால் ஈரம் வடிந்து ஒரே பாத்திரத்தில் அதிகப் புல் பிடிக்கும், விறகும் மிச்சம். வெயிலில் போட்டால் எண்ணெய் ஆவியாகும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துப்போகும், அந்தப் புளிப்பு வாடை எண்ணெயிலும் ஏறும். 100 கிலோ பச்சைப் புல்லுக்கு 300 கிராம் எண்ணெய் வந்தால் சரியான கணக்கு. 500 கிராம் வந்தால் அன்றைக்குச் சந்தோஷம்.

பாத்திரம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதா இரும்பில் காய்ச்சினால் எண்ணெய் பழுப்பாக இறங்கும், இரும்பின் சுவடு சிட்ராலைச் சீக்கிரம் பிசினாக்கவும் செய்யும். நீராவி முதல் அரை மணியில் கொண்டுவருவதுதான் பெரும்பங்கு எண்ணெய். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் விறகு செலவழிப்பது வீண். இறங்கிய எண்ணெயில் தண்ணீர் நிற்கக் கூடாது. கலங்கலாக இருந்தால் நீரற்ற சோடியம் சல்ஃபேட்டைக் கிலோவுக்கு 20, 30 கிராம் போட்டுக் கலக்கி, ஓர் இரவு வைத்து வடிகட்ட வேண்டும். உப்பு அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டால் ஈரம் இன்னும் இருக்கிறது, இன்னொரு பிடி போடுங்கள். ஆற்று மணல் மாதிரி உருண்டு ஓடினால் காய்ந்துவிட்டது.

எண்ணெயை அளந்து வாங்குவது

மூக்கு நல்ல கருவி. ஆனால் 65 சதவீதத்துக்கும் 78 சதவீதத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கியாஸ் குரோமட்டோகிராம், அதாவது கூறுகளைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை எடுத்தால் எல்லாம் தெரியும். ஒவ்வொரு டின்னுக்கும் எடுக்கக் கட்டுபடியாகாது. அதற்குப் பழைய முறை ஒன்று இன்றும் கைகொடுக்கும்: காசியா குடுவை.

இது 150 மில்லி வயிறும், 0.1 மில்லிக்கு ஒரு கோடு போட்ட 10 மில்லி நீளக் கழுத்தும் உள்ள கண்ணாடிக் குடுவை. பிப்பெட்டில் சரியாக 10 மில்லி எண்ணெய் விடுங்கள். சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டை அன்றைக்கே தண்ணீரில் கரைத்து ஏறக்குறைய 30 சதவீதக் கரைசல் செய்து, முதலில் வயிற்றில் பாதி வரை ஊற்றிக் குலுக்குங்கள். சில நிமிடத்தில் உள்ளே வெள்ளையாகக் கெட்டிப்படும், குடுவை கையில் சுடும். எண்ணெய் உறைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சிட்ரால் பைசல்ஃபைட்டோடு சேர்ந்த சேர்க்கை அது. இனி குடுவையைக் கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தி அடிக்கடி குலுக்கினால் கட்டி மெல்லக் கரையும். கட்டி முழுவதும் கரைந்து, மேலே எண்ணெய் மட்டும் தனியாக மிதந்தபின், மீதிக் கரைசலை விட்டு எண்ணெயைக் கழுத்துக்கு ஏற்றுங்கள். வயிற்றின் தோளில் ஒட்டிய சொட்டுகள் தானாக மேலே வராது. குடுவையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்து கடைவதுபோல் உருட்டித் தட்ட வேண்டும். ஆறியபின் கழுத்தில் நிற்பதைப் படியுங்கள். 2.3 மில்லி நின்றால் 7.7 மில்லி கரைந்திருக்கிறது, அதாவது 77 சதவீதம் ஆல்டிஹைடு. கொச்சி எண்ணெய்க்குச் சந்தை எதிர்பார்க்கும் குறைந்தபட்சம் 75.

இதில் தப்பு வரும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றே. திறந்து வைத்த பழைய பைசல்ஃபைட் காற்றில் சல்ஃபேட்டாகிவிட்டிருக்கும். அது சிட்ராலைப் பிடிக்காது, நல்ல எண்ணெயையும் 60 என்று காட்டும். சூடாக இருக்கும்போது படித்தால் எண்ணெய் விரிந்து நிற்கும், அதனாலும் சதவீதம் குறைந்து தெரியும். கட்டி முழுவதும் கரையாமல் எண்ணெயோடு கழுத்தில் ஏறினால் அந்த அளவுக்கு மதிப்பே இல்லை, முதலிலிருந்து செய்யுங்கள். எரிச்சலூட்டும் கந்தக வாயு கிளம்பும், அதனால் ஜன்னல் பக்கம் வைத்துச் செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டேயே போகக் கூடாது.

இன்னொன்று. இந்த முறை ஆல்டிஹைடு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். சிட்ரனெல்லா எண்ணெய் கலந்தவரின் சரக்கிலும் சிட்ரனெல்லல் ஒரு பங்கு கரைந்து, கணக்கு ஏமாற்றும். செயற்கைச் சிட்ராலை மட்டமான எண்ணெயில் ஊற்றி 80-க்கு ஏற்றியிருந்தாலும் குடுவைக்குத் தெரியாது. அங்கே மூக்கு வேண்டும். காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு உடனே, ஒரு மணி கழித்து, மறுநாள் என்று மூன்று தடவை முகருங்கள். புல் எண்ணெயில் எலுமிச்சை அடங்கியபின் வைக்கோல், மண், ஜெரானியால் (ஜெரானியல் அல்ல, வேறு பொருள்) சாயலில் ரோஜா கொஞ்சம் நிற்கும். வெறும் சிட்ரால் ஊற்றியதில் பின்னால் ஒன்றும் இருக்காது.

மண்ணெண்ணெய், வெள்ளை எண்ணெய் கலப்படத்துக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. 70 சதவீத ஆல்கஹால் 3 மில்லியில் 1 மில்லி எண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். புதிய கொச்சி எண்ணெய் தெளிவாகக் கரையும். பால் போலக் கலங்கினாலும் மேலே திட்டாக மிதந்தாலும் ஏதோ சரியில்லை. ஆனால் கலங்கியதெல்லாம் கலப்படம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். மேற்கிந்தியப் புல் என்கிற இன்னொரு இனத்தில் மிர்சீன் என்கிற பொருள் அதிகம், அது இயல்பிலேயே சரியாகக் கரையாது. நாட்பட்ட எண்ணெயும் பிசின் கட்டிக் கலங்கும்.

வைத்துக்கொள்வது

பழுப்புக் கண்ணாடி, அல்லது உள்ளே பூச்சுப் பூசிய அலுமினியம். பாட்டில் கழுத்து வரை நிரம்பியிருக்க வேண்டும். கால் பாட்டில் எண்ணெயும் முக்கால் பாட்டில் காற்றும்தான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய நஷ்டம். ஒரு கிலோ வாங்கினால் வந்த அன்றே 100 மில்லி பாட்டில்களாகப் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே வைத்து மற்றவற்றைக் குளிர்பெட்டியில் போடுங்கள். நைட்ரஜன் கிடைத்தால் மூடும் முன் ஊதிவிடலாம். ஆல்ஃபா டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, 0.1 சதவீதம் சேர்க்கலாம்: கிலோவுக்கு 1 கிராம். விற்கிறவரே சேர்த்திருப்பார் என்பதால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டுப்போன எண்ணெயில் இதைச் சேர்த்துப் பயனில்லை. பழுத்த பழத்தை ஐஸில் வைத்துக் காயாக்க முடியாது அல்லவா.

பிளாஸ்டிக் விஷயத்தில் பாலிஸ்டைரீன் கப் உருகி ஒட்டும், மெல்லிய பிவிசி குழாய் இளகும். எச்டிபிஇ (கெட்டிப் பாலித்தீன்) கேன் தாங்கும், ஆனால் மணம் சுவர் வழியாகக் கசியும், பிறகு அந்தக் கேனில் வேறு எதையும் வைக்க முடியாது. சொட்டு விடும் ரப்பர் குமிழை மூடியாக மாட்டி வைப்பது பெரிய தப்பு. ஆவி பட்டு ரப்பர் ஊதி, கரைந்த ரப்பர் எண்ணெயில் இறங்கும்.

தீர்ந்துபோகும் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் எண்ணெய் இருக்கும்போதே புதியதை அதன்மேல் ஊற்றுகிற பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. பாலில் உறை ஊற்றுவது இப்படித்தான். பழைய எண்ணெயில் உண்டான பெராக்சைடு புதியதையும் பிடித்து இழுக்கும். பாட்டிலைக் காலி செய்து, கழுவி, ஆல்கஹால் விட்டு அலசி, நன்றாகக் காயவைத்தபின்தான் அடுத்தது.

குடிக்கிற பண்டத்தில்

இங்கேதான் சிட்ரால் எல்லோரையும் ஏமாற்றுகிறது. எலுமிச்சை மணம் என்றாலே புளிப்போடு வர வேண்டும். ஆனால் புளிப்புதான் அதைக் கொல்லும்.

முதலில் அளவு. குளிர்பானத்தில் சிட்ரால் வழக்கமாக 10 பிபிஎம் அளவில், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம். கடின மிட்டாயில் 40 பிபிஎம் வரை போகும், சூயிங்கத்தில் அதைவிடப் பல மடங்கு. சுத்தச் சிட்ராலின் ஒரு சொட்டே 20 முதல் 25 மில்லிகிராம் வரும். ஆக ஒரு லிட்டர் சர்பத்துக்கு ஒரு சொட்டு என்பதே இரண்டு மடங்கு டோஸ். அது பாத்திரம் விளக்கும் பவுடர் மாதிரி மணக்கும். அதனால் 10 கிராம் சிட்ராலை 990 கிராம் கரைப்பானில் கலந்து 1 சதவீதக் கரைசலாக வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 1 கிராம் போட வேண்டும். தராசில் நிறுத்துத்தான், சொட்டு எண்ணி அல்ல.

கரைப்பானாக எல்லோரும் புரொப்பிலீன் கிளைகோலை எடுப்பார்கள், மலிவு. ஆனால் அதிலேயே நாட்கணக்கில் இருந்தால் சிட்ரால் கிளைகோலோடு சேர்ந்து அசிட்டால் என்கிற வேறு சேர்மமாக மாறி, முனை மழுங்கிப்போகும். ட்ரையசிட்டினில் அந்தத் தொல்லை இல்லை. கிளைகோலில்தான் செய்வேன் என்றால் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். பெயரில் கிளைகோல் இருக்கிறதே என்று டைஎத்திலீன் கிளைகோலைத் தொடக் கூடாது. அது நச்சு, உணவு மணப்பொருளுக்குக் கரைப்பானாக இந்திய விதிகளில் தடை. லேபிளில் எழுதும்போது புல்லிலிருந்து எடுத்த சிட்ரால் இயற்கை மணப்பொருள், ஆலையில் செய்தது இயற்கையை ஒத்த மணப்பொருள். மூலக்கூறு ஒன்றே என்றாலும் எழுத்தில் வித்தியாசம் உண்டு, மாற்றி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி புளிப்பு. அமிலத்தில் சிட்ரால் தன்னைத்தானே வளைத்து வளையமாகும். முதலில் எலுமிச்சை மங்கும், பைன் மரச் சாயலில் ஏதோ வரும். பிறகு காற்றும் சேர்ந்தால் பாரா சைமீன், பாரா மெத்தில் அசிட்டோஃபீனோன், பாரா கிரெசால் என்று போகும். கடைசியில் சொன்னதுதான் மாட்டுக்கொட்டகையும் பினாயிலும் கலந்த வாடை. நுனி அளவு போதும், முழு பாட்டிலும் போச்சு. பழத்தை நசுக்கிச் சாறோடு சேர்த்துக் காய்ச்சி இறக்கும் லைம் எண்ணெயில் தோலின் பச்சை மணம் இல்லாமல் கோலா சாயல் வருவதும் இதே காரணத்தால். சிட்ராலில் பெரும்பகுதி சாற்றின் அமிலத்தில் கொதித்தே போய்விடுகிறது. எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்தபின் பிழி என்று வீட்டில் சொல்வதும் இதற்குப் பக்கத்துச் செய்திதான்.

முழுவதும் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் மட்டும் போட்டால் பிஎச் 2.6 பக்கம் நிற்கும். அதோடு 0.6 கிராம் ட்ரைசோடியம் சிட்ரேட் சேர்த்தால் 3.2 வரை ஏறும். நாக்குக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, சிட்ராலுக்குத் தெரியும். பாகு, அமிலம், சிட்ரேட் எல்லாம் கரைந்து அறைச்சூட்டுக்கு ஆறியபின் மணத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும்; சூடான பாகில் ஊற்றினால் பாதி மணம் சமையலறையில்தான் இருக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினால் கரைந்த காற்று கொஞ்சம் வெளியேறும். பாட்டிலின் மேல்வெளி குறைவாக, மூடி இறுக்கமாக, வெயில் படாமல். செம்பு, இரும்புப் பாத்திரம் வேண்டாம். ஆக்ஸிஜன் எதிர்ப்பிகள் கொட்டகை வாடையைக் குறைக்கும், ஆனால் எலுமிச்சை மங்குவதைத் தடுக்காது. முதல் படிக்குக் காற்றே தேவையில்லை, அமிலம் போதும். இதைப் புரிந்துகொள்ளாமல் வைட்டமின் ஈ-யைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. கடை வாசலில் வெயிலில் அடுக்கிய கிரேட்டுக்கு எந்த ஃபார்முலாவும் உதவாது.

பாட்டில் கழுத்தில் எண்ணெய் வளையம் கட்டினால் குற்றவாளி சிட்ரால் அல்ல. 10 பிபிஎம் அளவில் அது தண்ணீரிலேயே கரைந்துவிடும். லெமன் எண்ணெயின் லிமோனீன்தான் கரையாமல் மேலே வருவது. தெளிவான சோடாவுக்கு டெர்பீன் (லிமோனீன் வகைப் பொருள்) நீக்கிய எண்ணெய், கலங்கல் பானத்துக்கு அரபிக் கோந்து போட்டு எண்ணெயைத் தண்ணீரில் பரப்பிய எமல்ஷன் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

வாசனையில், சோப்பில், குச்சியில்

வெறும் சிட்ராலை முகர்ந்துவிட்டு இது லெமன் மாதிரியே இல்லையே என்பார்கள். சரிதான். பழத்தோல் எண்ணெயில் அது நூற்றில் மூன்று பங்குதான். கையில் செய்து பார்க்க ஒரு சாதாரண லெமன் அடிப்படை, எடையில், மொத்தம் ஆயிரம் பங்கு: டி-லிமோனீன் 719, பீட்டா பைனீன் 120, காமா டெர்பினீன் 100, சிட்ரால் 30, ஜெரானைல் அசிட்டேட் 10, லினலூல் 3, ஆல்ஃபா டெர்பினியோல் 2, சிட்ரனெல்லல் 1, நோனனால் பத்து சதவீதக் கரைசல் 10, ஆக்டனால் பத்து சதவீதக் கரைசல் 5. இந்த இரண்டும் ஆல்கஹால் அல்ல, ஆல்டிஹைடு. விற்கிறவரிடம் சி-9, சி-8 ஆல்டிஹைடு என்று கேளுங்கள். தோலின் மெழுகுத் தன்மை அவற்றிலிருந்துதான் வரும். அவை இல்லாவிட்டால் தரை துடைக்கும் திரவம். சிட்ராலை 30-லிருந்து 60-க்கு ஏற்றிப் பாருங்கள், பழம் போய் மிட்டாய் வந்துவிடும்.

மெத்தில் ஆந்த்ரனிலேட்டோடு, அதாவது திராட்சை, ஆரஞ்சுப் பூ வாசனைக்குப் போடும் பொருளோடு, சிட்ராலைச் சேர்க்கும்போது கவனம். ஆல்டிஹைடும் அமீனும் பிணைந்து ஷிஃப் பேஸ் ஆகும், கூடவே தண்ணீர் பிரியும். தெளிவாக இருந்த சென்ட் சில நாளில் ஆரஞ்சாகி, சிவந்து, சில சமயம் அடியில் நீர்த்துளி நிற்கும். மணமும் ஆழமாகிவிடும். வேண்டுமென்றே செய்தால் அழகு. வெள்ளைச் சட்டைக்கு அடிக்கிற சென்ட்டில் தற்செயலாக நடந்தால் கஷ்டம்.

தோலில் படும் பொருளுக்கு எல்லை உண்டு. சிட்ரால் ஒவ்வாமையைத் தூண்டும், காற்றுப்பட்டுக் கெட்டது இன்னும் அதிகமாக. இஃப்ரா என்கிற சர்வதேச வாசனைப்பொருள் சங்கத்தின் விதிப்படி உடலில் அடிக்கும் சென்ட்டில் முடிந்த பொருளின் 0.6 சதவீதம், திருத்தங்கள் வந்துகொண்டே இருப்பதால் விற்கிறவரிடம் இப்போதைய சான்றைக் கேட்டு வாங்குங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் போட்டால் அதிலுள்ள 75, 80 சதவீதத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இயற்கை எண்ணெய்தானே என்று தனியாக விட முடியாது. ஐரோப்பாவுக்கு அனுப்புவதானால், கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்தையும் கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தையும் தாண்டினால் லேபிளில் சிட்ரால் என்று பெயர் போட்டாக வேண்டும். சுத்தச் சிட்ராலை நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரலில் பட்ட சொட்டு அப்போது ஒன்றும் செய்யாது, சாயங்காலம் எரியும்.

குளிர்முறைச் சோப்பில், அதாவது எண்ணெயைக் காரத்தோடு கலந்து காய்ச்சாமல் செய்யும் சோப்பில், காரம் அடிக்கும். சிட்ரால் உடைந்து மெத்தில் ஹெப்டனோன் ஆகும், பச்சைக் கொழுப்பு மாதிரி ஒரு மணம். ஆனாலும் லெமன் தோல் எண்ணெயைவிட எலுமிச்சைப்புல் எண்ணெய் சோப்பில் நன்றாகவே நிற்கும். தோல் எண்ணெயில் இருக்கும் மூன்று சதவீதம் உடைந்து லிமோனீனும் பறந்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. புல் எண்ணெயில் இழந்தது போக இன்னும் இருக்கும். சோப்பு செய்யும் எண்ணெய் ஒரு கிலோவுக்குப் புல் எண்ணெய் 15 கிராம், கலவை 40 டிகிரிக்குக் கீழே இறங்கி மோர்க்குழம்புப் பதத்துக்கு வந்தபின். அதில் 3 கிராம் வெட்டிவேர் எண்ணெய் சேர்த்தால் மாதக்கணக்கில் பிடித்து வைக்கும். சோப்பு மஞ்சளாகும், அதற்கு மருந்தில்லை. வெள்ளைச் சோப்பு என்று விளம்பரம் செய்துவிட்டு இதைப் போடாதீர்கள்.

அமிலம் சேர்ந்த கழிவறைத் திரவத்திலும் பிளீச்சிங் திரவத்திலும் சிட்ரால் வேண்டவே வேண்டாம். ஒன்றில் வளையும், மற்றதில் எரிந்துபோகும். அங்கே சிட்ரனெல்லைல் நைட்ரைல் என்கிற செயற்கைப் பொருள் நிற்கும். கொஞ்சம் உலோக நெடி அடிக்கும். கழிவறைக்கு அது போதும்.

ஊதுபத்திக்காரர்களின் புகார் எப்போதும் ஒன்றுதான்: பாக்கெட்டில் லெமன் மணக்கிறது, பற்றவைத்தால் காணோம். குச்சியில் நெருப்பு இருக்கும் இடம் மணப்பதில்லை. நெருப்புக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீழே சூடேறும் பகுதியிலிருந்து ஆவியாவதுதான் மணம். சிட்ரால் அந்தச் சூட்டில் பாதி உடைகிறது, மீதி கனமான கட்டை வாசனைகளுக்கு அடியில் அமுங்கிவிடுகிறது. டிஇபி (டைஎத்தில் தாலேட்) என்கிற கரைப்பானில் மணத்தைக் கலந்து நனைத்த குச்சியைக் காற்றோட்டமான மாடியில் இரண்டு நாள் காயவைத்தால் அங்கேயே பெரும்பங்கு போய்விடும். நிழலில், மூடிய அறையில், வடிந்த உடனே பாக்கெட் போடுவது பாதித் தீர்வு. மீதிப் பாதிக்கு மேலே சொன்ன நைட்ரைலையும் கொஞ்சம் சிட்ரனெல்லா எண்ணெயையும் சேர்த்து, சிட்ராலைப் பாக்கெட் திறக்கும் மூக்குக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நனைத்தபின் கை துடைத்த துணியையும் வடிகட்டிய பஞ்சையும் மூலையில் குவித்து வைக்காதீர்கள். காற்றோடு சேரும் எண்ணெய் சூட்டைக் கிளப்பும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியிருக்காது. ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, அன்றைக்கே வெளியேற்றிவிடுங்கள். வாளியைத் தேன்கூட்டுப் பெட்டி பக்கம் மட்டும் வைக்க வேண்டாம். வேலைக்காரத் தேனீக்கள் தம் கூட்டத்தை அழைக்கச் சுரக்கும் வாசனையிலும் சிட்ரால் உண்டு. காலிப் பெட்டிக்குக் கூட்டத்தை இழுக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் ரெண்டு சொட்டு தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். வாளி நிறைய இருந்தால் வீட்டுக்கே வந்துவிடும்.